கையைக் கட்டிக்கொண்டு ஓவியம் சொல்லித்தருவது எப்படி?

பந்திக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்பது பள்ளிக்கூட வாலன்டியர் பட்டியலுக்கும் பொருந்தும். எனக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

போன வருஷம் ஆகஸ்ட் கடைசி. மகள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தாள். இங்கே கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் பெற்றோர்களைச் சாயங்காலம் கூப்பிட்டு டீச்சர் பேசுவார். அலுவலக மீட்டிங்கை மியூட்டில் போட்டு, ஒரு காதில் மட்டும் இயர்போனோடு, கால் மணி நேரம் தாமதமாக உள்ளே போனேன். ஏழு வயதுப் பிள்ளைகள் உட்காரும் நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்கும்படி உட்கார்ந்தபோது பட்டியல் அட்டை என்னிடம் வந்தது. சுற்றுலாவுக்குத் துணைபோக ஆள் வந்தாயிற்று. வெள்ளிக்கிழமை பாப்கார்ன் விற்க ஆள் வந்தாயிற்று. நூலகத்தில் புத்தகம் அடுக்கக்கூட மூன்று பேர். மிஞ்சியிருந்தது ஒரே ஒரு வரி: 'ஆர்ட் டோசன்ட்'.

'டீசன்ட்' என்பதை யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மனைவி அலுவலகப் பயணத்தில் இருந்தாள். போனில் கேட்டேன். "எதையோ எழுதிட்டு வா, நம்ம பேர் மட்டும் விடுபட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். எழுதிவிட்டு வந்தேன்.

டோசன்ட் என்றால் கற்பிப்பவர். லத்தீனிலிருந்து வந்த சொல். அருங்காட்சியகங்களில் படத்தின் முன் நின்று விளக்கம் சொல்வாரே, அவர். இங்கே பல தொடக்கப் பள்ளிகளில் மாதம் ஒருமுறை வகுப்புக்கு வந்து ஓவியமோ கைவேலையோ நடத்தும் அம்மா அப்பாக்களுக்கும் அதே பெயர்தான். சம்பளம் கிடையாது. தகுதியும் கேட்பதில்லை. காசநோய் இல்லை என்று ஒரு சான்றிதழ், பிறகு கைரேகை. ஓவியம் சொல்லிக்கொடுக்கப் போனவனிடம் முதலில் பத்து விரலையும் பதித்து வாங்கினார்கள், அதுவும் மையில்லாமல் கண்ணாடித் தட்டில்!

டீச்சர் எங்கே போனார்?

"ஏன், டிராயிங் மாஸ்டர் இல்லையா?" என்று ஊரிலிருந்து அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. கலிஃபோர்னியா பணக்கார மாநிலம். ஆனால் 1978-இல் 'புரோபோசிஷன் 13' என்று ஒரு சட்டம் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறியது. வீட்டின் மீதான சொத்து வரி, வாங்கிய விலையில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வரிக்கான மதிப்பும் வருஷத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் பள்ளிக்கூடங்கள் அந்த வரியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. பணம் குறைந்தால் முதலில் யாரை அனுப்புவார்கள்? கணக்கு டீச்சரையா? பாட்டும் படமும்தான் முதலில் வெளியே போயின. 2022-இல் 'புரோபோசிஷன் 28' வந்து, பள்ளிகளுக்குப் போகும் பணத்தில் ஒரு சதவீத அளவுக்குக் கலைகளுக்கென்று கூடுதலாகக் கிடைக்கிறது. நிலைமை மெல்ல மாறுகிறது. இடையில் போன நாற்பது சொச்சம் வருஷத்தில் பல பள்ளிகளில் அந்த இடத்தை நிரப்பியது, பசைக் குச்சியும் பழைய சட்டையுமாக வந்து நின்ற பெற்றோர்கள்தான்.

அந்த வரிசையின் கடைசியில், சாஃப்ட்வேர் டெஸ்டிங் தவிர வேறொன்றும் தெரியாத நான்.

ஆறு சைப்ரஸ் மரங்கள்

முதல் வகுப்பு செப்டம்பரில். வான்கோவின் 'ஸ்டாரி நைட்'. எல்லோருக்கும் தெரிந்த படம், ஆயில் பேஸ்டலில் நன்றாக வரும். 1889-இல் மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வரைந்தது என்பதை மட்டும் ஏழு வயதுக்குத் தகுந்தபடி 'உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் இருந்தபோது' என்று மாற்றி வைத்துக்கொண்டேன்.

மகள் முன்கூட்டியே நிபந்தனை போட்டிருந்தாள். "அப்பா, கிளாஸ்ல என்னை குட்டிம்மான்னு கூப்பிடாத. என் டேபிள் பக்கம் ரொம்ப வராத. ஜோக் சொல்லாத." மூன்றுக்கும் ஒத்துக்கொண்டேன்.

ஒரு தவறு செய்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து மாதிரிப் படம் ஒன்றை வரைந்து எடுத்துப்போய்க் கரும்பலகையில் காந்தம் வைத்து ஒட்டினேன். நல்லா வந்திருந்தது, பெருமையும் இருந்தது. 24 பிள்ளைகளும் ஒருமுறை அதைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு வான்கோவை யாரும் பார்க்கவில்லை.

ஒரு பையன் கையைத் தூக்கினான். "எனக்கு மரம் வரலை, வரைஞ்சு தர்றீங்களா?" குழந்தை கேட்கிறது, எப்படி மறுப்பது? அவன் தாளிலேயே நெருப்பு நாக்கு மாதிரி ஒரு சைப்ரஸ் போட்டுக் கொடுத்தேன். பக்கத்துப் பெண் பார்த்தாள். எழுந்து வந்தாள். அவள் பின்னால் இன்னொருவன். ரேஷன் கடை மாதிரி வரிசை. ஆறு மரம் வரைந்தேன். அதற்குள் மணி அடித்துவிட்டது.

தாள்களைச் சுவரில் ஒட்டியபோதுதான் அடுத்த பிரச்சினை தெரிந்தது. பின்னால் பெயர் எழுதச் சொல்ல மறந்திருந்தேன். எது யாருடையது என்று டீச்சருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. எல்லாவற்றிலும் அதே இடத்தில் நிலா, அதே பக்கம் சுழலும் காற்று, இடது மூலையில் ஒரே மரம். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கேட்டால், ஒரே படத்துக்கு இரண்டு பேர் சண்டைக்கு நின்றார்கள். இருவருக்குமே உண்மையில் அடையாளம் தெரியவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மகள் சொன்னாள்: "அப்பா, சுவத்துல ஆறு பேரோட படத்துல உன் மரம் இருக்கு."

"நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருக்கு. ஆனா அது உன் மரம்."

மறுநாள் டீச்சரிடமிருந்து நன்றி மின்னஞ்சல் வந்தது. மிக மென்மையான மின்னஞ்சல். கடைசி வரியில் ஒரு யோசனை: யாராவது வரைந்து தரச் சொன்னால், அவர்கள் தாளைத் தொடாமல், தனியாக ஒரு துண்டுத் தாளில் காட்டிவிட்டு அதைக் கசக்கிப் போட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர் டிராயிங் பீரியட்

எனக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று யோசித்தேன். சிவகாசியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு டிராயிங் பீரியட். சார் வருவார், போர்டில் ஒரு மாம்பழம், பக்கத்தில் ஒரு பானை. நாங்கள் அதைப் பார்த்துப் போட வேண்டும். அவர் மாம்பழம் மாதிரி வந்தால் பத்துக்கு எட்டு. என் மாம்பழம் எப்போதும் ஒரு பக்கம் வீங்கியிருக்கும். சார் சிவப்புப் பேனாவால் என் கோட்டின் மேலேயே திருத்திப் போடுவார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அந்த பீரியடையும் கணக்கு சார் எடுத்துக்கொண்டார். பிளஸ் டூ பயாலஜி ரெக்கார்டில் செம்பருத்திப் பூவின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை அக்காதான் வரைந்து கொடுத்தாள். அதற்குத்தான் எனக்கு முழு மார்க் கிடைத்தது.

ஆக, தாளைத் திருத்துவதுதான் சொல்லித்தருவது என்று என் கைக்குப் பழகியிருக்கிறது. பாவம், அது அமெரிக்கா வந்தும் மறக்கவில்லை.

அக்டோபர் வகுப்பிலிருந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே. இடது கை வலது மணிக்கட்டைப் பிடித்திருக்கும். அப்படியே மேசை மேசையாக நடப்பேன். "அப்பா, போலீஸ் மாதிரி நடக்காத" என்று மகள் இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தாள். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கை கட்டிக்கிடந்தால் வாய்க்கு வேலை வரும். "மரம் வரலை" என்றால் "உங்க வீட்டு வாசல் மரத்துக்குத் தண்டு எங்க ஆரம்பிக்குது?" என்று கேட்பேன். பாதிப் பேர் ஜன்னலுக்கு ஓடுவார்கள். திரும்பி வந்து வரைவது மரம் மாதிரி இருக்காது. ஆனால் ஜன்னலில் பார்த்த அந்த மரத்தின் ஏதோ ஒன்று, வளைந்த தண்டோ, அதில் மாட்டிக்கொண்ட பட்டமோ, தாளில் இருக்கும்.

சித்தப்பாவின் மெஜந்தா

நவம்பரில் நிறக்கலவை. இதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் குலத்தொழில் ஞானம் உண்டு.

சிவகாசிக்காரன் வீட்டில் நோட்டுக்கு அட்டை போடக் கடையில் பிரவுன் தாள் வாங்க மாட்டார்கள். பிரஸ்ஸிலிருந்து வேஸ்ட் ஷீட் வரும். மிஷின் ஓட்டத் தொடங்கும்போது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்வரை ஓட்டிப் பார்க்கும் தாள்கள். அதே தாளைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதால் முருகன் முகத்தின்மேல் வெடிப்பெட்டி லேபிள், அதன்மேல் கல்யாணப் பத்திரிகை பார்டர். என் சமூக அறிவியல் நோட்டில் மூன்று கண்ணோடு ஒரு லட்சுமி இருந்தாள். சித்தப்பா ஆஃப்செட் மிஷின்மேன். சின்ன லென்ஸை அந்தத் தாளின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்வார். லட்சுமியின் பச்சைப் புடவையில் பச்சையே இருக்காது. மஞ்சள் புள்ளியும் நீலப் புள்ளியும்தான். "சிவப்பும் நீலமும் சேர்ந்தா ஊதா வரும்னு உங்க வாத்தியார் சொல்வாரு. போட்டுப் பாரு, சேறுதான் வரும். மெஜந்தா வேணும்டா" என்பார்.

முப்பது வருஷம் கழித்து அந்தப் பேச்சு கைகொடுத்தது. பள்ளி அலமாரியில் இருந்தது சிவப்பு, நீலம், மஞ்சள் டெம்பெரா. அதில் சிவப்பையும் நீலத்தையும் கலந்தால் மழைத்தண்ணீர் தேங்கிய களிமண் நிறம். காரணம் எளிது. சிவப்பு மை, சிவப்பு ஒளியை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு மற்றதை விழுங்கும். நீல மை சிவப்பை விழுங்கும். இரண்டும் சேர்ந்தால் கண்ணுக்கு வர ஒன்றும் மிஞ்சாது. மெஜந்தா நீலத்தையும் விடும், சயான் எனும் அந்தப் பச்சை கலந்த நீலமும் நீலத்தை விடும். அதனால் அவை சேர்ந்தால் ஊதா பளிச்சென்று நிற்கும். என் காசில் மெஜந்தாவும் டர்க்காய்ஸும் வாங்கிக்கொண்டு போனேன்.

ஒவ்வொருவருக்கும் ஒரு காகிதத் தட்டு. மஞ்சள் பெரிய வட்டமாக, மெஜந்தா சின்னதாக, சயான் இன்னும் சின்னதாக. மஞ்சள் சாதுவான நிறம், சம அளவு ஊற்றினால் மற்ற இரண்டும் சேர்ந்து விழுங்கிவிடும். வேலை இதுதான்: இதுவரை யாரும் பார்க்காத ஒரு நிறத்தைச் செய்து அதற்குப் பெயர் வை.

இருபது நிமிஷம் வகுப்பில் சத்தமே இல்லை. பிறகு பெயர்கள் வந்தன. 'நீச்சல் குளத்தில் விழுந்த எலுமிச்சை.' 'அண்ணனின் சாக்ஸ்.' 'திங்கட்கிழமை காலை.' மூன்றையும் நிறுத்தாமல் கலந்துகொண்டே போன ஒரு பெண்ணுக்குப் பழுப்பு வந்தது. அய்யோ, கெடுத்துவிட்டாளே, புதுத் தட்டு கொடுக்கலாமா என்று என் கை பின்னாலிருந்து விடுபடப் பார்த்தது. அதற்குள் அவள் பிரஷ்ஷைத் தன் முழங்கையோரம் வைத்துப் பார்த்தாள். இன்னும் துளி மஞ்சள் சேர்த்தாள். மறுபடி வைத்துப் பார்த்தாள். "கிடைச்சிருச்சு" என்றாள். அந்த நிறத்துக்கு அவள் வைத்த பெயர், அவளுடைய பெயரே. அடுத்த ஐந்து நிமிஷத்தில் மேசை முழுக்க எல்லோரும் முழங்கை நிறம் தேடிக்கொண்டிருந்தார்கள். எந்த இரண்டு தட்டும் ஒன்றாக இல்லை.

போகப்போகிறவர்களுக்குச் சில்லறைப் பாடங்கள்

இதைப் படித்துவிட்டு யாராவது பெயர் கொடுத்தால் உதவும் என்று எழுதிவைக்கிறேன்.

முதல் வேலை, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பெயர். பெயர் எழுதாமல் ஒரு பென்சில்கூடக் கொடுக்காதீர்கள்.

அறுபது நிமிஷம் என்றால் பத்து நிமிஷம் பேச்சு, முப்பத்தைந்து நிமிஷம் வேலை, பதினைந்து நிமிஷம் கழுவித் துடைப்பு. பேச்சு பதினொன்றாவது நிமிஷத்தைத் தொட்டால் கடைசி வரிசை தரையில் படுத்துவிடும்.

தண்ணீர்க் கிண்ணம் அகலமாக, அடி கனமாக இருக்கட்டும். காகித டம்ளர் கவிழும். கவிழ்ந்தே தீரும்.

கறுப்புச் சாயத்தைக் கண்ணில் காட்டாதீர்கள். ஒருவன் எடுத்தால் பத்து நிமிஷத்தில் வகுப்பே அமாவாசை.

மினுமினுப்புத் தூள் வேண்டவே வேண்டாம். துப்புரவுப் பணியாளர் உங்களை மன்னிக்க மாட்டார்.

நான்கு நிமிஷத்தில் "முடிஞ்சுது!" என்பவர்கள் எல்லா வகுப்பிலும் நான்கு பேர் உண்டு. "இந்தப் படத்துல மணி என்ன?" என்று கேளுங்கள். திரும்பிப் போய் நிழலோ விளக்கோ சேர்ப்பார்கள்.

"அழகா இருக்கு" என்று சொல்லாதீர்கள். ஒருத்தியிடம் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் "என்னுது?" என்பாள். "இங்க ரொம்ப அழுத்தி வரைஞ்சிருக்க, ஏன்?" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும், கதை தானாக வரும்.

கம்பிக்குள் கம்பி

குளிர்கால விடுமுறையில் ஒருநாள் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் இருக்கும் டி யங் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதன் கோபுரத்தின் கீழ்த்தளத்தில் கூரையிலிருந்து கம்பிச் சிற்பங்கள் தொங்குகின்றன. ஸ்வெட்டர் பின்னுவது மாதிரி மெல்லிய கம்பியைக் கண்ணி கண்ணியாகக் கோத்த உருண்டைகள். உருண்டைக்குள் இன்னொரு உருண்டை. நிழல் சுவரில் விழுந்து, எது கம்பி எது நிழல் என்றே தெரியவில்லை. மகள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். செய்தவர் பெயர் ரூத் அசாவா.

வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படித்தபோதுதான், நான் செய்கிற இந்த அரைகுறை வேலைக்கு ஒரு மூத்த பாட்டி இருக்கிறார் என்று தெரிந்தது.

அசாவா 1926-இல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு ஜப்பானிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு பிள்ளைகளில் ஒருவர். 1942-இல், போர்க்காலத்தில், மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினரை அரசாங்கம் முகாம்களில் அடைத்தது. மொத்தம் சுமார் 1,20,000 பேர். அசாவா குடும்பத்தை முதலில் அடைத்தது சான்டா அனிட்டா குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில். அதே லாயங்களில் டிஸ்னி ஸ்டுடியோவில் வேலைபார்த்த ஜப்பானிய ஓவியர்களும் அடைபட்டிருந்தார்கள். சும்மா இருக்காமல், பார்வையாளர் மேடையில் உட்காரவைத்துப் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தார்கள். சம்பளமில்லாத ஆசிரியர்கள். பதினாறு வயது ரூத் அங்கேதான் நாள்முழுக்க வரைந்தார்.

பிறகு ஓவிய ஆசிரியராக ஆசைப்பட்டு மில்வாக்கியில் ஆசிரியர் கல்லூரியில் சேர்ந்தார். பட்டம் வாங்க, பள்ளிக்கூடத்தில் பயிற்சி வகுப்பு எடுத்தாக வேண்டும். ஜப்பானியர் என்பதால் எந்த வகுப்பறையும் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள். பட்டம் இல்லாமலே கிளம்பி, வட கரோலினாவின் பிளாக் மவுன்டன் கல்லூரிக்குப் போய் ஜோசப் ஆல்பர்ஸிடம் படித்தார். 1947-இல் மெக்சிகோவில் டொலூகா ஊர்க்காரர்கள் முட்டைக் கூடை பின்னுவதைப் பார்த்துக் கற்றதுதான் அந்தக் கம்பிக் கண்ணி. கல்யாணம், சான் பிரான்சிஸ்கோ, ஆறு பிள்ளைகள்.

பிள்ளைகள் படித்த அல்வராடோ தொடக்கப் பள்ளியில் கலை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 1968-இல் இன்னொரு தாயான சாலி வுட்பிரிட்ஜோடு சேர்ந்து, பெற்றோர்களையும் ஓவியர்களையும் வகுப்புக்குள் கூட்டிவந்து ஒரு பட்டறையைத் தொடங்கினார். சாமான்? பால் அட்டைப்பெட்டி, முட்டை அட்டை, மிச்ச நூல், மாவு. அது மெல்லப் பரவி நகரத்தின் ஐம்பது பள்ளிகள்வரை போனது. இன்று அந்த நகரத்து அரசுக் கலை உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர்தான்.

ஒரு வகுப்பறைக் கதவு ஆசிரியராக வராதே என்று சாத்தியது. இருபது வருஷம் கழித்து அம்மாவாக இன்னொரு கதவு வழியே உள்ளே வந்துவிட்டார். இதைப் படித்த ராத்திரி, போன மாதம் தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்ததற்கு டீச்சரிடம் நான் புலம்பியது ஞாபகம் வந்து கூச்சமாக இருந்தது.

ஜனவரி வகுப்பில் அந்தச் சிற்பத்தின் படத்தைத் திரையில் போட்டேன். இந்த முறை நான் ஒன்றும் விளக்கவில்லை. அபிகெய்ல் ஹவுசன், ஃபிலிப் யெனவைன் என்ற இருவர் உருவாக்கிய ஒரு முறை உண்டு, மூன்றே கேள்வி: இதில் என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? வேறென்ன தெரிகிறது? "வெங்காயம்." எதைப் பார்த்து? "உள்ள உள்ள தோல்." "ஜெல்லி மீன்." "புகை." வருஷம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையன், "அம்மா வயித்துல பாப்பா, பாப்பா வயித்துல இன்னொரு பாப்பா" என்றான். அவன் வீட்டில் அடுத்த மாதம் பிரசவம் என்று டீச்சர் பிறகு சொன்னார்.

உப்பு போட்ட கொழுக்கட்டை

அசாவா வகுப்புகளில் அதிகம் புழங்கியது 'பேக்கர்ஸ் கிளே'. நாலு கப் மைதா, ஒரு கப் உப்பு, ஒன்றரைக் கப் தண்ணீர். பிசைந்து பொம்மை செய்து குறைந்த சூட்டில் சுட்டால் கல் மாதிரி ஆகிவிடும். யூனியன் ஸ்கொயர் பக்கத்தில் ஸ்டாக்டன் தெருப் படிக்கட்டில் அவர் செய்த நீரூற்று ஒன்று இருக்கிறது, 1973-இல் முடித்தது. நகரத்துக் கட்டடம், கார், ஆட்கள் என்று அதன் மேல் இருக்கும் அத்தனை உருவமும் முதலில் இந்த மாவில் செய்து பிறகு வெண்கலத்தில் வார்த்தவை. பள்ளிப் பிள்ளைகளும் நண்பர்களுமாக இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கைபோட்டது.

ஏப்ரலில் நாங்களும் செய்யலாம் என்றேன். தலைப்பு: உன் தெருவில் இருக்கும் ஒரு பொருள். டீச்சர் சரி என்று சொல்லிவிட்டு, "ஒரு பெண்ணுக்குக் கோதுமை ஆகாது, மாவு கையில் பட்டாலும் கஷ்டம்" என்றார். அவளுக்கு மட்டும் தனியாகக் கடையில் வாங்கிய களிமண் கொடுக்கலாமா? எல்லோரும் மாவு உருட்டும்போது அவள் மட்டும் வேறொன்றை உருட்டுவதா என்று யோசித்துக்கொண்டே சமையலறையில் நின்றேன். அரிசி மாவு டப்பா கண்ணில் பட்டது.

ராத்திரி ஒன்பது மணிக்கு ஊருக்கு வீடியோ கால். அங்கே காலை ஒன்பதரை.

"என்னடா இந்நேரத்துல மாவு கிளறுற? யாரு வர்றா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும்மா."

"திங்கவா?"

"இல்லம்மா, பொம்மை செய்ய. பத்துக் கப்பு மாவு, ரெண்டரைக் கப்பு உப்பு."

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "தண்ணி தளதளன்னு கொதிக்கணும். மாவைக் கொட்டிக் கரண்டிக் காம்பால கிளறு. நல்லெண்ணெய் ரெண்டு கரண்டி விடு, இல்லேன்னா வெடிச்சிரும். ஈரத்துணி போட்டு மூடு" என்றாள். உப்பைப் பற்றி மட்டும் கடைசிவரை மன்னிக்கவில்லை.

நல்லெண்ணெயிலும் சிக்கல். எள், 2023-இலிருந்து அமெரிக்காவின் முக்கிய ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் ஒன்பதாவது. சூரியகாந்தி எண்ணெய் விட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

மறுநாள் 24 உருண்டை, ஈரத் துண்டுக்கு அடியில். பிள்ளைகள் செய்தார்கள். தீயணைப்புக் குழாய், தபால் பெட்டி, மூன்று கால் பூனை, குப்பை லாரி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் செருப்பு மட்டும். மகள் மூன்று குப்பைத் தொட்டிகளை வரிசையாக வைத்து, நடுவில் இருந்ததைக் கவிழ்த்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் தொட்டியைத் தெருவுக்குத் தள்ள மறந்து, காலையில் லாரிச் சத்தம் கேட்டு ஓடுவதை அவள் ஜன்னலில் பார்த்திருக்கிறாள்.

ஈர மாவில் பெயர் எழுத முடியாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் பெயர்ச்சீட்டு வைத்து இரண்டு தட்டில் அடுக்கினேன். வெள்ளிக்கிழமை. திங்களுக்குள் நன்றாகக் காயட்டும் என்று டீச்சரிடம் கேட்டு ஒரு மேசை மின்விசிறியையும் போட்டுவிட்டு வந்தேன். நான் செய்த இரண்டாவது பெரிய தவறு அது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் போனால், பெயர்ச்சீட்டுகள் எல்லாம் அறையின் மூலையில் குவிந்து கிடந்தன. அரிசி மாவில் கோதுமையின் பிடிப்பு கிடையாது. அதோடு காற்றும் பட்டதால், எட்டு உருவங்களில் விரிசல். அம்மா சொன்ன நல்லெண்ணெய் விட்டிருந்தால் வெடித்திருக்காதோ என்னவோ.

"மறுபடியுமா?" என்று டீச்சர் சிரித்தார். செப்டம்பரில் பெயரில்லாத 24 நட்சத்திர ராத்திரிகளை வைத்துக்கொண்டு நாங்கள் முழித்தது இருவருக்கும் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் வர இருபது நிமிஷம் இருந்தது. சீட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்தோம்.

கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு நாய். எப்போதும் தாளின் மூலையில் மட்டும் வரைவாளே, அவளுடையது. விரல் பதிந்து பள்ளம் பள்ளமாக இருந்த லாரி, க்ரேயானை அழுத்தி உடைக்கும் பையனுடையது. வயிறு திறந்து உள்ளே குட்டி வைத்த பூனை யாருடையது என்று சொல்லவே வேண்டாம். அவன் தங்கைக்கு இப்போது இரண்டு மாதம். தாத்தாவின் செருப்பில் வார் எங்கே தேய்ந்திருக்கிறது என்றுகூடச் செதுக்கியிருந்தாள், தன் முழங்கை நிறத்தைத் தேடிப் பிடித்தவள். ஒவ்வொன்றாகச் சீட்டு வைத்துக்கொண்டே வந்தோம். இருபத்தி நாலும் முடிந்தது. பிள்ளைகள் வந்து பார்த்தபோது இரண்டே இரண்டு சீட்டுகள்தான் இடம் மாறின. விரிசல் விட்டவற்றை வெள்ளைப் பசையால் ஒட்டினோம். தீயணைப்புக் குழாய்க்காரன் மட்டும் ஒட்ட விடவில்லை. தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும் என்று விரிசலுக்கு நீலம் அடித்தான்.

தட்டில் ஒன்று மிச்சம் இருந்தது. யாருடையது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். பாதி நிலா மாதிரி வளைந்து, ஓரம் முழுக்க ஒரே அளவில் அழகான மடிப்பு மடிப்பாக. ஒரு விரிசல் இல்லை.

"அது எங்க அப்பாவோடது" என்றாள் மகள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். "பேசிக்கிட்டே செஞ்சிட்டாரு. அவருக்குத் தெரியாது."

கையைப் பார்த்தேன். நகக்கணுவில் அரிசி மாவு இன்னும் ஒட்டியிருந்தது.